பளிச்சக்கா துடைத்த பக்கம்

எதிர்வீட்டுப் பளிச்சக்காவின் சாப்பாட்டு மேசையில் ஒருநாள் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்த வேகத்தில் வழுக்கி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சறுக்கிக்கொண்டே போய், கீழே விழுந்து கால் ஒடிந்து, நொண்டிக்கொண்டே பறந்து போனது. பறக்கிற ஈ எப்படி நொண்டும் என்று கேட்பவர்கள் அந்த மேசையைப் பார்க்காதவர்கள். பார்த்தவர்கள், அந்த ஈக்கு என்ன ஆயிற்று என்றுதான் கேட்பார்கள்.

பளிச்சக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அவள் வேலை பார்க்கும் குடிநீர் ஆபீசில் வைத்தது. பெயர் அவளுக்கு அவ்வளவு பொருந்திப்போனதால் வீட்டுக்கும் வந்துவிட்டது. புருஷன்கூட அக்காவை மட்டும் நறுக்கிவிட்டு, "பளிச்சு, என் கண்ணாடியை எங்க வெச்சே?" என்றுதான் கேட்பான். கண்ணாடி அலமாரியில் இருக்கும். அவன் கழற்றி மூச்சு விடுவதற்குள் அவள் துடைத்து உள்ளே வைத்திருப்பாள்.

இந்தத் துடைக்கிற குணம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்றால், பிறந்த வீட்டு மேசையிலிருந்து. அவள் பிறந்த வீடு ஒரே அறை. அதில் ஒரே மேசை. அப்பா கடிகாரம் பழுது பார்ப்பவர். காலையில் அந்த மேசையில் பல்சக்கரங்களைப் பரப்புவார். அவர் எழுந்ததும் அம்மா அதில் காய் நறுக்குவாள். பிறகு அதிலேயே சாப்பாடு, அதிலேயே இஸ்திரி, சாயங்காலம் அதிலேயே பிள்ளைகளின் வீட்டுப்பாடம். ஒருவர் துடைத்துவிட்டு எழுந்தால்தான் அடுத்தவர் உட்கார முடியும். துடைக்காமல் எழுந்தால் என்ன ஆகும்? ஒருநாள் அப்பா ஒரு பல்சக்கரத்தை மறந்து விட்டுவிட்டார். அது காயோடு கலந்து, கடைசித் தம்பியின் வயிற்றுக்குள் போய், ஒரு வாரம் அவன் வயிற்றில் மணி அடித்ததாகக் குடும்பத்தில் சொல்கிறார்கள். மணி அடித்ததற்கு நான் சாட்சி இல்லை. ஆனால் அந்தத் தம்பி இன்றுவரை ஓரிடத்துக்கும் தாமதமாக வந்ததில்லை என்பதற்கு நானே சாட்சி.

ஆக, ஒரு வேலை முடிந்தால் அதன் சுவடே இருக்கக் கூடாது என்பது அவளுக்கு ரத்தத்தில் ஊறிப்போனது.

குடிநீர் ஆபீசில் அவள் முதலில் பார்த்தது புகார் போன் எடுக்கும் வேலை. காலை முழுக்கத் திட்டு வாங்க வேண்டும். மாலை முழுக்க அந்தத் திட்டுகளை மரியாதையான வார்த்தைகளில் சுருக்கி எழுத வேண்டும். திட்டுகளை அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை. திட்டுக்குப் பின்னால் என்ன சத்தம் கேட்கிறது என்று மட்டும் கவனிப்பாள். "ஒரு சொட்டுத் தண்ணி வரலம்மா!" என்று ஒருவர் கத்திக்கொண்டிருக்க, பின்னால் ஷவர் கொட்டும் சத்தம் கேட்டால், "சார், நீங்க முதல்ல குளிச்சு முடிச்சிட்டு வாங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்பாள்.

இந்தக் காதுக்காகத்தான் அவளைக் கசிவுப் பிரிவுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார் சின்ன இன்ஜினியர். பெரிய இன்ஜினியர் என்று ஒருவர் இருப்பதால் இவர் சின்னவர். மற்றபடி எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவார். சாலைக்கு அடியில் ஓடும் குழாய்களில் உள்ளங்கை அளவு கருவிகளை ஒட்டவைப்பது அந்தப் பிரிவின் வேலை. ஆபீசில் அதற்குக் காது என்று பெயர். காது, குழாயின் சத்தத்தைக் கேட்டுக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். தண்ணீர் கசிந்தால் ஒரு சீறல் இருக்கும். ஆனால் அந்தச் சீறலோடு மேலே போகும் லாரி, பக்கத்துச் சாக்கடைத் தவளை, மாடியில் யாரோ கழிப்பறையில் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் கலந்து வரும். எது கசிவு, எது தவளை என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் பளிச்சக்கா. சாயங்கால வகுப்புக்குப் போய்க் கணினி மொழி படித்து, பரீட்சை எழுதி, சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டினாள். அந்தக் கண்ணாடியையும் தினம் துடைப்பாள்.

இந்த வேலையைச் செய்வதற்குக் கம்ப்யூட்டரில் நோட்புக் என்று ஒன்று இருக்கிறது. ஒரு நீளமான பக்கம்; அதில் கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு கட்டத்தில் "இந்தச் சத்தத்திலிருந்து லாரியைக் கழி" என்று கணினி மொழியில் எழுதி ஓட்டினால், அது கழித்து, கழித்ததற்கு ஒரு பெயர் வைத்து ஞாபகம் வைத்துக்கொள்ளும். அடுத்த கட்டத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் போதும், எடுத்துக் கொடுக்கும். பக்கம் என்பது நாம் கண்ணால் பார்ப்பது. பக்கத்துக்குப் பின்னால் ஒரு மூளை சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஞாபகமெல்லாம் அந்த மூளையில்தான்.

மற்றவர்கள் ஒரு கட்டத்துக்குக் கீழே இன்னொரு கட்டமாக எழுதிக்கொண்டே போவார்கள். பிழை, திருத்தம், வெட்டல், ஒட்டல் எல்லாம் அப்படியே கிடக்கும். பளிச்சக்கா ஒரே கட்டத்தில் எழுதினாள். எழுதி, ஓட்டி, விடை சரியாக இருந்தால் அந்தக் கட்டத்தைத் துடைத்துவிட்டு, அதிலேயே அடுத்ததை எழுதுவாள். அம்மாவின் மேசை மாதிரி. துடைத்தாலும் மூளை மறக்கவில்லை என்பதால் அவளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இதுவரை எழுதிய வரிகளை மெஷின் தன் பாட்டுக்கு ஓர் ஓரத்தில் சேர்த்துவைக்கும் வசதி ஒன்று உண்டாம். அதையும், குப்பை சேருகிறது என்று, அவள் நிறுத்தி வைத்திருந்தாள். மாதக்கணக்கில் அவள் கேட்டுத் திருத்திய சத்தங்களெல்லாம் அந்த மூளைக்குள் இருந்தன. பக்கத்தில் மிஞ்சியவை நாலைந்து கட்டங்கள்தான். சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். பெரிய இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு, "இதுதான் வேலை! பார்த்துக் கத்துக்கோங்க!" என்று பிரிவு முழுக்கக் காட்டிவிட்டுப் போனார். மெஷினை யாரும் அணைத்ததில்லை. பேட்டரிப் பெட்டி ஒன்று அதற்குக் காவலாகக் கீழே உட்கார்ந்திருந்தது. மின்சாரம் போனாலும் சற்று நேரம் தாங்கும்.

இனி நாத்தனார். பளிச்சக்காவின் புருஷனுக்கு அக்கா. நகரத்தின் குழாய் எங்கே முடிகிறதோ அந்தக் கடைசித் தெருவில் லாண்டரி வைத்திருக்கிறாள். புருஷன் போன பிறகு அவளுக்கென்று இருப்பது அந்தக் கடை ஒன்றுதான். அதில் இரண்டு துவைக்கும் இயந்திரம், ஒரு நீராவி இஸ்திரி, ஒரு தள்ளுவண்டி, அப்புறம் அவளுடைய வாய். கொஞ்ச காலமாகத் தெருவுக்குத் தண்ணீர் நூலாக வந்துகொண்டிருந்தது. லாரித் தண்ணீர் வாங்கித் துவைத்தால் கையில் ஒன்றும் நிற்பதில்லை. வேலைக்கு இருந்த பெண்கள் இருவரில் ஒருத்தியை நிறுத்தியாயிற்று. அந்தக் கோபமெல்லாம் தினமும் போன் வழியாகத் தம்பி பெண்டாட்டியிடம் வந்து சேரும்.

"ஏண்டி, உங்க ஆபீஸ்ல குடிக்கவாவது தண்ணி இருக்கா, இல்ல அதையும் நான் லாரியில வாங்கி அனுப்பணுமா?"

"கசிவு எங்கேயோ இருக்கு அண்ணி. தேடிக்கிட்டுதான் இருக்கேன்."

"தேடு, தேடு. நீ தேடி முடிக்கறதுக்குள்ள நான் கடையைத் தூக்கிக்கிட்டு உன் வீட்டுக்கே வந்துடறேன். உன் மேசையில வெச்சு இஸ்திரி போடறேன்."

இது வெறும் மிரட்டல் இல்லை. அந்தத் தெருவில் புதுச் சாலை போடப் போவதாக அறிவிப்பு வந்துவிட்டது. போட்ட பிறகு சில வருஷத்துக்கு அங்கே யாரும் கடப்பாரை வைக்க முடியாது. அதற்குள் கசிவைக் கண்டுபிடித்துத் தோண்டினால் உண்டு; இல்லையென்றால் கடையை மூட வேண்டியதுதான். பளிச்சக்கா அந்தத் தெருக் குழாயில் ஒரு காதை ஒட்டவைத்து, நாத்தனாரின் வசவையும் குழாயின் சீறலையும் மாறி மாறிக் கேட்டு, கிட்டத்தட்ட முடித்துவிட்டாள். பாக்கி ஒரே ஒரு சத்தம். வால்வுக்காரர் விடியற்காலையில் வால்வை மூடித் திறக்கும்போது குழாய் என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டால், இடம் தெரிந்துவிடும். அதற்கும் நாள் குறித்தாயிற்று.

அதற்கு முந்தின நாள் காலையில் ஆபீசில் பழைய வயர்களை மாற்ற ஆள் வந்தது. எல்லோரும் வேலையைச் சேமித்துவிட்டு மதியத்துக்குள் மெஷினை அணைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பளிச்சக்கா சேமிக்கும் பொத்தானை அழுத்தினாள். 'சேமித்தாகிவிட்டது' என்று வந்தது. திருப்தியாகத் திரையைத் துடைத்தாள். சின்ன இன்ஜினியர் பக்கத்தின் பிரதி ஒன்றைத் தன் லேப்டாப்பில் போட்டுக்கொண்டு, சரியாக இருக்கிறதா என்று அவள் மேசையிலேயே வைத்து ஓட்டிப் பார்த்தார்.

"அக்கா, இது யாருன்னு கேக்குது."

"எது சார்?"

"திருத்தின சத்தம்னு ஒரு பேரு வருதே. அப்படி யாரையும் எனக்குத் தெரியாதுங்குது."

"ஏன் தெரியாது? என் மெஷின்ல கேட்டா டக்குனு சொல்லுதே. இதோ பாருங்க."

அவள் மெஷின் டக்கென்று சொன்னது. அவருடையது மறுபடியும் கையை விரித்தது.

"சரி, இந்தத் திருத்தமெல்லாம் எந்தக் கட்டத்துல பண்ணீங்க?"

"இதோ, இந்தக் கட்டத்துலதான்."

"இது காலியா இருக்கே."

"துடைச்சிட்டேன் சார்."

"அதுக்கு முன்னாடி பண்ணினது?"

"அதையும் இதுலதான் பண்ணினேன். அதையும் துடைச்சிட்டேன்."

சின்ன இன்ஜினியர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். உட்கார்ந்தபோதுதான் இருவர் முகமும் ஒரே உயரத்துக்கு வந்தது.

"அக்கா," என்றார், "நீங்க சேமிச்சது பக்கத்தை. மூளையைச் சேமிக்கல. மெஷினை அணைச்சா மூளை காலி. நாளைக்குத் திறந்தா இந்த நாலு கட்டம்தான் இருக்கும். மத்ததெல்லாம் மறுபடியும் முதல்லேருந்து கேக்கணும்."

முதலிலிருந்து என்றால் மாதக்கணக்கு. அதற்குள் சாலை போட்டுவிடுவார்கள். பளிச்சக்காவின் கை துணியை எடுத்து, ஏற்கனவே சுத்தமாக இருந்த மேசையை இன்னொரு முறை துடைத்தது. பிறகு, தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று தெரிந்ததும், துணியை ஏதோ சுட்டுவிட்டது போலக் கீழே போட்டாள்.

"மூளையையும் சேமிக்க முடியுமா சார்?"

"முடியும். மொத்த ஞாபகத்தையும் ஒரு மூட்டையா கட்டி ஃபைல்ல போட்டுடலாம். ஆனா உங்க மூட்டை பெருசு. கட்ட நேரமாகும். நான் வயர் மாத்தற மேஸ்திரிகிட்ட..."

அவர் சொல்லி முடிப்பதற்குள் விளக்கு அணைந்தது. மேசைக்குக் கீழே பேட்டரிப் பெட்டி கீ, கீ என்று கத்த ஆரம்பித்தது.

"மேஸ்திரி! மேஸ்திரி! மதியம்னுதானே சொன்னீங்க!"

"மதியம்னா மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடின்னு அர்த்தம் சார்," என்று இருட்டிலிருந்து குரல் வந்தது. "வயரை உருவியாச்சு. இனிமே கடவுளே வந்து சுவிட்ச் போட்டாலும் எரியாது."

பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. மூட்டை கட்டும் வரை தாங்காது என்பது மட்டும் தெரியும். அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது. நாத்தனார்! பக்கத்துக் கட்டடத்தில் பல் டாக்டருக்கு வெள்ளைக் கோட்டுகள் கொடுக்க வந்தவள், வந்ததுதான் வந்தோம், போனில் திட்டுவதை நேரில் திட்டிவிட்டுப் போகலாம் என்று நுழைந்திருக்கிறாள்.

"ஏண்டி, தண்ணிதான் இல்லைன்னு பார்த்தா உங்க ஆபீஸ்ல வெளிச்சமும் இல்லையா?"

பளிச்சக்கா திரும்பிப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து நாத்தனார் அவள் முகத்தில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"அண்ணி, உங்க தெருவோட கணக்கு முழுக்க இந்த மெஷினுக்குள்ள இருக்கு. இது அணைஞ்சா எல்லாம் போச்சு. தப்பு என்னோடதுதான். காரணம் அப்புறம் சொல்றேன், அப்புறம் திட்டுங்க."

நாத்தனாரைப் பற்றி நான் எத்தனையோ சொல்லலாம். ஆபத்து என்றால் வாயை மூடிவிட்டுக் கையை நீட்டுகிறவள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். "பல் டாக்டர்கிட்ட கரெண்ட் இருக்கு," என்றாள். "வண்டி வாசல்ல இருக்கு. தூக்கு."

கோட்டுகளை ஓரமாக ஒதுக்கி, நடுவில் மெஷினை வைத்து, கால்மாட்டில் பேட்டரிப் பெட்டியை வைத்து, தலைமாட்டில் திரையைச் சாய்த்தார்கள். வயர் ஒன்றும் அசையாமல் இருக்க வெள்ளைக் கோட்டு ஒன்றைப் போர்த்தினார்கள். சின்ன இன்ஜினியர் பின்னாலிருந்து தள்ள, நாத்தனார் முன்னால் இழுக்க, பளிச்சக்கா பக்கவாட்டில் வயரைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தபடி நடந்தாள். வெள்ளைத் துணிக்கு அடியிலிருந்து கீ, கீ, கீ. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? சாலையில் வண்டிகள் நின்றன. ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வெளியே வந்து, "யாரு, பெரியவரா?" என்று துக்கமாகக் கேட்டார்.

"உசிரு இருக்கு! வழிய விடுங்க!" என்று கத்திக்கொண்டே போனாள் நாத்தனார்.

அந்த ஒரு வாக்கியத்துக்குத் தெருவே இரண்டாகப் பிளந்தது. சிக்னல் விளக்கும் தானாகப் பச்சைக்கு மாறிற்று என்கிறாள் அவள். பளிச்சக்காவைக் கேட்டால், அந்தத் தெருவில் சிக்னலே கிடையாது என்கிறாள். நான் இருவரையும் நம்புகிறேன்.

இதற்குப் பிறகு நடந்ததை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பல் டாக்டரின் நாற்காலியில் அப்போது வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தது நான்தான். கதவு திறந்தது, வண்டி உள்ளே வந்தது. "டாக்டர், ஒரு பிளக்!" என்றாள் நாத்தனார். டாக்டர் பதறிப்போய், என் கடைவாய்ப் பல்லுக்கு வைத்திருந்த இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தைக் காட்டினார். பேட்டரிப் பெட்டியைச் செருகினார்கள். கீ, கீ நின்றது. அப்படி ஒரு நிசப்தம். எனக்குப் பாதி நாக்கு மரத்துப்போயிருந்ததால் நான் அந்த நிசப்தத்தைக் கெடுக்கவில்லை.

சின்ன இன்ஜினியர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூளையை மூட்டை கட்டச் சொல்லி ஒரு வரி எழுதி ஓட்டினார். இப்படிக் கட்டிவைப்பதற்கு அந்தத் தொழிலில் ஊறுகாய் போடுவது என்றே பெயர் வைத்திருக்கிறார்களாம். நான் கட்டிவிடும் கதை இல்லை, விசாரித்துப் பாருங்கள். மெஷின் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு சிவப்பு எழுத்தில், முடியாது என்றது.

"என்ன சார்?"

"உங்க ஞாபகத்துல எல்லாத்தையும் கட்டுது அக்கா. ஒண்ணே ஒண்ணைத்தான் கட்ட மாட்டேங்குது. கடைசித் தெருக் காதுக்கும் மெஷினுக்கும் நடுவுல திறந்து வெச்சிருக்கீங்களே, அந்த இணைப்பு. அது உயிரோட ஓடிக்கிட்டிருக்கிற விஷயம். அதை மூட்டையில வெக்க முடியாது. அந்த ஒண்ணுக்காக மொத்தத்தையும் நிறுத்திடுது."

"இப்ப என்ன பண்றது?"

"அதை மூடிட்டு, ஞாபகத்துலேருந்து அந்தப் பேரை அழிக்கணும்."

அழிக்கணும் என்ற சொல்லைக் கேட்டதும் பளிச்சக்கா கையை மடியில் மறைத்துக்கொண்டாள். எத்தனையோ திருத்தங்களைக் கண் இமைக்காமல் துடைத்த கை அது. இப்போது ஒரே ஒரு பெயரைத் துடைக்க மாட்டேன் என்றது.

"அழிச்சா திரும்ப வராதே சார். இன்னொரு தடவை என்னால முடியாது."

கோட்டுகளை உதறி மடித்துக்கொண்டிருந்த நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "என்னடி ஆச்சு?"

"உங்க தெருக் காதோட இணைப்பை மூடணுமாம் அண்ணி."

"காதைப் பிடுங்கணுமா?"

"இல்ல. காது தெருவுலயே இருக்கும். இங்கேருந்து அதுக்குப் போற வழியை மட்டும் மூடணும். நாளைக்கு மறுபடியும் திறந்துக்கலாமாம்."

"அப்புறம் என்ன? ஓடற குழாயை யாராவது மூட்டைக்குள்ள வெச்சுக் கட்டுவாளா? திருகி மூடு, கட்டு, அங்க போய்த் திற. நான் தினம் மெஷின்ல துணி போடறப்ப பண்றதுதானே? இதுக்கா உக்காந்து நடுங்கறே?" சொல்லிவிட்டு அவள் தோளைத் தொட்டாள். "மூடு. எங்க தெருதானே? நான் சொல்றேன், மூடு."

பளிச்சக்கா ஒரு புதுக் கட்டம் திறந்தாள். இணைப்பை மூடும் வரியை எழுதினாள். ஓட்டினாள். அதற்குக் கீழே இன்னொரு கட்டம் திறந்து, பெயரை அழிக்கும் வரியை எழுதி ஓட்டினாள். இரண்டையும் துடைக்காமல் அப்படியே விட்டாள். சின்ன இன்ஜினியர் அதைப் பார்த்துக்கொண்டார்.

இந்த முறை மூட்டை கட்டியது. நேரம் எடுத்துக்கொண்டுதான் கட்டியது. அதற்குள் என் நாக்கு உயிர்பெற்று, "என் பல்லு என்ன ஆச்சு?" என்று நான் கேட்டு, எல்லோரும் என்னை அப்போதுதான் பார்த்தார்கள். மூட்டை லேப்டாப்புக்கு வந்து சேர்ந்ததும் சின்ன இன்ஜினியர் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"முடிஞ்சது அக்கா. சேமிச்சாச்சு. மெஷினை அணைச்சிடலாம். டாக்டர் பாவம்."

"டாக்டர் பாவமா? நானு?" என்றேன். யார் கேட்டார்கள்.

"இருங்க சார்," என்றாள் பளிச்சக்கா. "காலையில நானும் இதைத்தான் சொன்னேன். சேமிச்சாச்சுன்னு."

லேப்டாப்பில் புதிதாக ஒரு நோட்புக்கைத் திறக்கவைத்து, மூட்டையை அவிழ்க்கவைத்து, காலையில் யாரென்றே தெரியாது என்று சொன்ன அந்தப் பெயரைத் தானே தட்டினாள். திருத்தின சத்தம். லேப்டாப் யோசிக்கவே இல்லை. மாதக்கணக்கில் அவள் கேட்ட லாரிகளும் தவளைகளும் கழிந்துபோன அந்தத் தெருவின் சீறல், கோடு கோடாகத் திரையில் வந்து நின்றது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெஷினிடம் குனிந்து, தூங்குகிற பிள்ளையின் பக்கத்திலிருந்து எழுந்திருப்பவள் போல, மெதுவாகப் பொத்தானை அழுத்தி அணைத்தாள். டாக்டர் பிளக்கை மாற்றிச் செருகி என்னை நோக்கித் திரும்பினார். அதற்கு மேல் நடந்தது என் சொந்த விஷயம்.

மறுநாள் விடியலில் சாப்பாட்டு மேசைமேல் லேப்டாப் இருந்தது. காதை மறுபடியும் இணைத்தாள். தெருவில் வால்வுக்காரர் மூடினார், திறந்தார். குழாய் தான் சொல்ல வேண்டியதைச் சொன்னது. கணக்கு ஓடி முடிந்ததும் அவள் வரைபடத்தை மூன்று தரம் சரிபார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிப் போனை எடுத்தாள்.

"அண்ணி, இடம் தெரிஞ்சிடுச்சு."

"எங்கடி?"

"உங்க கடை வாசல்ல. படிக்குக் கீழ."

மறுமுனையில் சத்தமே இல்லை. நாத்தனார் போனில் மௌனமாக இருந்தது அதுதான் முதல் தரம். லைன் போய்விட்டது என்று நினைத்துப் பளிச்சக்கா வைக்கவே போனாள்.

"புது டைல்ஸ் போட்டேனே, அங்கயா?"

"அங்கதான் அண்ணி."

"உன் மெஷினுக்கு என் மேல ஏதாவது கோபமா?"

"அதுக்குக் கோபமெல்லாம் தெரியாது. ஆனா தப்பு வரலாம். நிச்சயம்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. தோண்டி இல்லைன்னா..."

"இல்லைன்னா டைல்ஸும் போச்சு, தண்ணியும் இல்ல," என்று முடித்தாள் நாத்தனார். மூச்சு விடும் சத்தம் கேட்டது. "சரி, கிளம்பி வா. நீ வந்து பக்கத்துல நில்லு. தோண்டச் சொல்றேன்."

தோண்டினார்கள். நாத்தனார் ஆசை ஆசையாகப் போட்ட பூப்போட்ட டைல்ஸ் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து வந்தபோது அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பளிச்சக்கா ஒவ்வொரு கடப்பாரை அடிக்கும் கண்ணை மூடித் திறந்தாள். முதலில் காய்ந்த மண். பிறகும் காய்ந்த மண். தோண்டுகிறவர் நிமிர்ந்து, "போதுமாம்மா?" என்று கேட்டார்.

"இன்னும் கொஞ்சம்," என்றாள் பளிச்சக்கா.

"அதான் சொல்றாள்ல? இன்னும் கொஞ்சம்!" என்றாள் நாத்தனார்.

அடுத்த அடியில் மண் கறுத்திருந்தது. அதற்கடுத்து, சேறு. அதற்கும் அடுத்து, குழாயின் இணைப்பில் இருந்த ஒரு விரிசலிலிருந்து தண்ணீர் பீறிட்டு எழுந்து, தோண்டுகிறவர் முகத்தில் அடித்து, கடைப் பலகையில் அடித்து, உள்ளே தொங்கிக்கொண்டிருந்த வெள்ளைக் கோட்டுகளில் அடித்தது. மூன்றாம் மாடி ஜன்னலில் காயப்போட்டிருந்த போர்வை நனைந்தது என்கிறாள் நாத்தனார். இதற்கு மட்டும் பளிச்சக்கா மறுப்புச் சொல்வதில்லை.

சாயங்காலத்துக்குள் இணைப்பை மாற்றிக் குழியை மூடினார்கள். கடைக்குள் குழாயைத் திறந்ததும் தண்ணீர் நூலாக வரவில்லை. கை தாங்காத வேகத்தில் விழுந்தது. நாத்தனார் அதன் அடியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். துவைக்கும் இயந்திரம் நிரம்பி, தானாகச் சுற்ற ஆரம்பிக்கும்வரை அப்படியே நின்றாள். பிறகு போனை எடுத்து, நிறுத்திவைத்த பெண்ணுக்கு, "நாளைக்கு வந்துடு. லேட்டா வராதே," என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

கடை முழுக்கச் சேறு. வாசலில் உடைந்த டைல்ஸ், தரையில் கால் தடம், சுவரில் தண்ணீர் தெறித்த கறை. பளிச்சக்காவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. கொடியிலிருந்து ஒரு துணியை உருவிக்கொண்டு குனிந்தாள்.

நாத்தனார் வந்து அந்தத் துணியைக் கையிலிருந்து பிடுங்கினாள்.

"விடுடி. இன்னிக்கு அப்படியே கிடக்கட்டும்," என்றாள். "எங்க இருந்துச்சுன்னு நாளைக்கு யாராவது கேட்டா, காட்ட வேண்டாமா?"